பழகுநர் தேவை

2024 டிசம்பரில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் வட்டாரத்தில் மூட்டை மூட்டையாக ஆஸ்பத்திரிக் குப்பை கிடந்தது. பிரித்துப் பார்த்தவர்களுக்கு நோயாளிகளின் பெயர் போட்ட காகிதங்களும் கிடைத்தன. அவை காட்டிய திசை திருவனந்தபுரம். மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரள அரசுக்கு உத்தரவிட்டது. மாதம் முடிவதற்குள் கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து, வந்த வழியே குப்பையைத் திரும்ப ஏற்றிச் சென்றார்கள்.

மாநில எல்லையைத் தாண்டிய குப்பை என்பதால் அது நாடெங்கும் செய்தியாயிற்று. தாண்டாமல் சொந்த ஊர் ஏரிக்கரையிலேயே கொட்டப்படும் மூட்டைகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் கேரளம் இந்த விஷயத்தில் வக்கற்ற மாநிலம் அல்ல. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை பாலக்காட்டில் 'இமேஜ்' என்ற பெயரில் பெரிய பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துகிறது. சட்டம் இருந்தது, உலையும் இருந்தது, அபராதமும் இருந்தது. பிறகும் குப்பை மலை தாண்டி வந்தது.

அந்தச் சச்சரவில் லாரி யாருடையது, காண்டிராக்டர் யார், எந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார் என்றெல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் லாரிக்கு முன்னால், ஏதோ ஒரு வார்டில், ஏதோ ஒரு விடியற்காலையில், ஒரு கை அந்தப் பையின் வாயைக் கட்டியிருக்கிறது. அந்தக் கைக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் யார்? எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தார்? இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிகளைப் பசுமையாக்குவது பற்றி மாநாடு மாநாடாகப் பேசும் இந்நாளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது என்று எனக்குத் தோன்றுகிறது.

விதிகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. மருத்துவக் கழிவுக்கான விதிகள் இந்தியாவில் முதலில் வந்தது 1998இல். 2016இல் அவை புதிதாக எழுதப்பட்டன. நான்கு நிறங்கள். மஞ்சள் பையில் உடலுறுப்பு, ரத்தம் தோய்ந்த கட்டுத்துணி, காலாவதியான மருந்து. சிவப்பில் டிரிப் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை. துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் ஊசியும் கத்தியும். நீலத்தில் கண்ணாடிக் குப்பி. ஒவ்வொரு பைக்கும் பார்கோடு. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேவை கிடைத்தால் ஆஸ்பத்திரி தனக்கென்று உலை வைத்துக்கொள்ளக் கூடாது. படித்தால், யோசித்து எழுதியவர்கள் என்று தெரிகிறது.

இதில் நிறம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஆஸ்பத்திரிக் குப்பையில் 85 சதவீதம் வீட்டுக் குப்பை போன்ற சாதாரணக் குப்பைதான், ஆபத்தானது 15 சதவீதம்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்தப் பதினைந்து எண்பத்தைந்தோடு கலந்துவிட்டால் நூறும் ஆபத்தாகிவிடும். சிவப்பில் விழ வேண்டிய குழாய் மஞ்சளில் விழுந்தால், ஆட்டோகிளேவில் நீராவியில் வெந்து மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய பிளாஸ்டிக் உலையில் எரிகிறது. அது பி.வி.சி. பிளாஸ்டிக்காக இருந்தால் டையாக்ஸின் என்ற நஞ்சு புகையோடு சேர்ந்துகொள்ளும். மஞ்சளில் விழ வேண்டியது கறுப்புப் பையில் விழுந்தால் நகராட்சிக் குப்பைமேட்டில் நாயும் மாடும் கிளறும். நாட்டில் தினமும் சேரும் மருத்துவக் கழிவு சுமார் 700 டன். இவ்வளவும் கடைசியில் எங்கே போகிறது என்பதை ஒரு கையின் அரை விநாடி அசைவு தீர்மானிக்கிறது.

அந்த அரை விநாடிக்கு என்ன பயிற்சி? வேலைக்குச் சேரும்போது ஒரு முறை, பிறகு ஆண்டுக்குக் குறைந்தது ஒரு முறை என்று விதி சொல்கிறது. குறைந்தது என்று சட்டம் சொன்னால் நம் நாட்டில் அதிகபட்சம் என்று பொருள். பயிற்சி எப்படி நடக்கும் என்பது ஆஸ்பத்திரி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கூட்ட அரங்கில் விளக்கை அணைத்துவிட்டு ஆங்கிலத்தில் படம் காட்டுவார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, டீ, பிஸ்கட், குரூப் போட்டோ. மறுநாள் அதே ஆள் வார்டுக்குப் போகும்போது சிவப்புப் பை தீர்ந்து போயிருக்கும், ஸ்டோரில் மஞ்சள்தான் இருக்கும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது படத்தில் இல்லை.

தவறினால் விலை கொடுப்பவர் யார் என்று பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். உபயோகித்த ஊசியை அப்படியே பையில் போட்டுவிட்டால், பையைத் தூக்குபவரின் காலிலோ கையிலோ அது குத்தும். நோயாளியின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், தொற்றுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகும். ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றுக்கு மூன்று, எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்று என்று மருத்துவ மாணவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லித் தருவார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை எல்லா ஊழியருக்கும் போட வேண்டும் என்று 2016 விதிகளே சொல்கின்றன. முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. காண்டிராக்டில் வந்தவர் மூன்றாவது ஊசிவரை அதே ஆஸ்பத்திரியில் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே இருப்பவர்களும் தப்ப முடியாது. 2009 தொடக்கத்தில் குஜராத்தின் சாபர்கந்தா மாவட்டத்து மோடாசாவில் ஹெபடைடிஸ் பி பரவி டஜன் கணக்கானவர்கள் இறந்தார்கள். விசாரித்தபோது, ஒரு முறை போட்ட சிரிஞ்சுகளைத் திரும்பப் போட்டதும், குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை சந்தைக்குத் திரும்பி வந்த வியாபாரமும் அம்பலமாயின. உபயோகித்த உடனே ஊசியை முறித்து, குழலைச் சிவப்புப் பையில் போட்டுவிட்டால் அந்த வியாபாரத்துக்குச் சரக்கே இல்லை. மறுபடியும் அதே அரை விநாடி.

ஆஸ்பத்திரியின் பசுமை என்பது குப்பையோடு முடிவதும் இல்லை. உலகம் முழுவதும் வெளியேறும் வெப்பவாயுக்களில் மருத்துவத் துறையின் பங்கு 4.4 சதவீதம் என்று 2019இல் 'ஹெல்த் கேர் விதவுட் ஹார்ம்' என்ற சர்வதேச அமைப்பு கணக்கிட்டது. மருத்துவத் துறையை ஒரு தேசமாக வைத்துக்கொண்டால் மாசு வெளியிடுவதில் அது ஐந்தாவது பெரிய தேசமாக இருக்குமாம். அந்த ஆய்வில் மொத்த அளவில் இந்தியாவுக்கு ஏழாவது இடம். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 43 நாடுகளில் கடைசி இடம். கடைசி இடம் பெருமைக்குரியதுதானா என்று யோசிக்க வேண்டும். கோடிக்கணக்கானவர்களுக்கு இன்னும் சரியான வைத்தியம் எட்டவில்லை என்பதும் அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது. எட்டும்போது எப்படிப்பட்ட ஆஸ்பத்திரி எட்டப் போகிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட முதல் நாடு பிரிட்டன். அதன் தேசிய சுகாதாரச் சேவை, தன் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ள கரிப்புகையை 2040க்குள் நிகர பூஜ்யமாக்குவதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. வாங்கும் மருந்து, பொருட்கள், போக்குவரத்தையெல்லாம் சேர்த்து 2045. அறிவிப்பது சுலபம், அறிவிக்காத அரசு எது என்று நீங்கள் கேட்கலாம். கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததை.

மயக்க மருந்துகளில் டெஸ்ஃப்ளூரேன் என்று ஒன்று. நோயாளி மூச்சில் வெளியே விட்டதும் ஆகாயத்துக்குப் போய், கரியமில வாயுவைப் போல் சுமார் 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதற்கு மாற்று மருந்துகள் உண்டு. 2023இல் ஸ்காட்லாந்தும் 2024இல் இங்கிலாந்தும் அதன் வழக்கமான உபயோகத்தை நிறுத்தின. இது டாக்டர்களின் முடிவு. இன்னொன்று சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு. இதுவும் கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு. எடின்பரோ வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் ஒருவர் வாங்கிய சிலிண்டர் கணக்கையும் ஆபரேஷன் தியேட்டரில் உண்மையில் செலவான கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோயாளியை எட்டியது மிகச் சொற்பம். மிச்சமெல்லாம் சுவருக்குள் ஓடும் பழைய குழாய்களில் கசிந்தும், காலாவதியாகியும் போய்க்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக, யாருக்கும் தெரியாமல். புதிய கண்டுபிடிப்பு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. இரண்டு நோட்டுப் புத்தகங்களை ஒன்றாகத் திறந்து பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

அந்த ஆளைத் தயார் செய்வது எப்படி? பிரிட்டனின் ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் சில அதற்கு அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. சம்பளப் பட்டியல் ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போகும் முதலாளிகள் அதில் அரை சதவீதத்தைத் தொழில் பழக்குவதற்கென்று வரியாகக் கட்ட வேண்டும் என்று 2017இல் அங்கே சட்டம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி நிர்வாகங்களும் கட்டுகின்றன. கட்டிய பணத்தை உபயோகிக்க வேண்டுமே. ஆகவே நர்ஸ் வேலைக்கும் கணக்கு வேலைக்கும் எடுப்பது போல, சுற்றுச்சூழல் வேலைக்கும் இளைஞர்களை எடுத்து, ஊதியம் கொடுத்து, வாரத்தில் ஒரு பகுதி பாடமும் மிச்ச நேரம் வேலையுமாகப் பழக்குகிறார்கள். மின்சார மீட்டரைப் படிப்பது, தட்டில் மிஞ்சிய சோற்றை எடை போடுவது, எந்த வார்டில் எந்தப் பை நிரம்புகிறது என்று எண்ணுவது, கொதிகலன் அறை மேஸ்திரியிடம் தினமும் போய்க் கேள்வி கேட்பது. படாடோபம் இல்லாத வேலைகள். ஒன்றிரண்டு ஆண்டு முடிவில் அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ அந்தக் கட்டடத்தின் நாடி பிடிபட்டுவிடும்.

இதையெல்லாம் சொல்வது, வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உபதேசிக்க அல்ல. இந்தப் பாடத்தில் வாத்தியார் நம் பக்கத்திலேயே இருக்கிறார், மதுரையில்.

1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் கதை வணிகக் கல்லூரிகளில் பாடமாகிவிட்டது. மலிவு, வேகம், ஏழைகளுக்கு இலவசம் என்பதே அந்தப் பாடம். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேறொன்றைப் பார்த்தது. அங்கே நவீன முறையில் ஒரு கண்புரை ஆபரேஷன் செய்தால் சேரும் குப்பை கால் கிலோ. வெளியேறும் வெப்பவாயு, கரியமில வாயுக் கணக்கில் சுமார் 6 கிலோ. பிரிட்டனில் அதே ஆபரேஷனுக்கு ஆவதில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. சிகிச்சையின் பலனில் குறை ஏதும் இல்லை.

காரணங்களை ஆராய்ந்தவர்கள் பட்டியல் போட்டார்கள். கருவிகளைத் தூக்கி எறியாமல் குறுகிய நேர நீராவியில் சுத்தம் செய்து திரும்ப எடுக்கிறார்கள். அங்கியும் விரிப்பும் துணியாலானவை, துவைத்து உபயோகிக்கிறார்கள். ஒரு குப்பி சொட்டு மருந்து ஒருவரோடு குப்பைக்குப் போவதில்லை. ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராகிறார்.

இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் செய்வது யார் என்று பாருங்கள். டாக்டர் அல்ல. 'சிஸ்டர்' என்று எல்லோரும் அழைக்கும் கண் மருத்துவ உதவியாளர்கள். பெரும்பாலும் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து, பிளஸ் டூ முடித்த கையோடு வருகிற பெண்கள். ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே, உதவித்தொகையோடு, இரண்டு ஆண்டு பயிற்சி. மூத்த சிஸ்டருக்குப் பக்கத்தில் நின்று, பார்த்து, செய்து, திருத்தப்பட்டு, மறுபடி செய்து கற்கிறார்கள். ஒரே குப்பி மருந்தைப் பலருக்கு விடும்போது குப்பியின் முனை இமையில் பட்டுவிடக் கூடாது. பட்டால் அடுத்தவர் கண் போய்விடும். ஒவ்வொன்றையும் ஒரு முறை போட்டு எறிந்துவிடுவது பணக்கார நாடுகளின் பாதுகாப்பு. மதுரையின் பாதுகாப்பு, இரண்டு ஆண்டு பழகிய கை. அந்தக் கை இல்லாமல் குப்பியை மட்டும் காப்பியடிக்கும் ஆஸ்பத்திரி, சிக்கனம் செய்யவில்லை, ஆபத்தை விலைக்கு வாங்குகிறது.

ஆக, நமக்குத் தெரியாத வித்தை அல்ல இது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் தன் சொந்தத் தேவைக்காகச் செய்துகாட்டியதை ஒரு தொழிலாக ஊரறிய நாம் அங்கீகரிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்ரண்டிஸ் என்பதற்கு நம் அரசுத் தமிழில் 'தொழில் பழகுநர்' என்று பெயர். கலைச்சொல் குழுக்கள் தந்த ஆயிரம் கரடுமுரடான சொற்களுக்கு நடுவே இது ஒரு முத்து. கற்பவர் என்று சொல்லவில்லை, பயிற்சி பெறுபவர் என்று சொல்லவில்லை. பழகுகிறவர். மனிதரோடும் பழகலாம், வேலையோடும் பழகலாம். 'சஸ்டெயினபிலிட்டி'க்குத்தான் இன்னும் நிலையான தமிழ் கிடைத்தபாடில்லை. நீடித்த நிலைத்தன்மை என்கிறார் ஒருவர், வளங்குன்றாமை என்கிறார் இன்னொருவர். சில வருஷங்களுக்கு முன் மருத்துவக் கழிவு பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்தபோது, வார்டில் வேலை செய்பவர்களிடம் படித்துக்காட்டி அவர்கள் வாய்மொழியைக் கேட்டு எழுதலாம் என்று ஒரு மாவட்டத் தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆங்கில மூலத்தில் 'கழிவு உற்பத்தியாகும் இடத்திலேயே வகைப்படுத்துக' என்ற பொருளில் ஒரு கட்டளை, தடித்த எழுத்தில். மூத்த ஆயா ஒருவரிடம், "இதை நீங்க புதுசா வர்ற பொண்ணுகிட்ட எப்படிச் சொல்வீங்கம்மா?" என்று கேட்டேன்.

"எடுத்த கையோட பையில போடுன்னு சொல்லுவேன் சார். கீழ வச்சா மறந்துடும்."

கீழே வைத்தால் மறந்துவிடும். இரண்டு மணி நேர வகுப்பின் சாரம் அந்த மூன்று சொற்களில் இருந்தது. அவர் இருபது வருஷமாக அந்த வேலையில் இருப்பவர். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவர்தான் வேலை சொல்லிக் கொடுக்கிறார். அதற்குத் தனியாகக் காசு கிடையாது, பட்டம் கிடையாது. பதிவேட்டில் 'துப்புரவு, காண்டிராக்ட்' என்று இருக்கும். அந்த ஆஸ்பத்திரியின் சுற்றுச்சூழல் பேராசிரியர் அவர்தான் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாது.

இங்கேதான் விஷயம் குப்பையிலிருந்து சமூகத்துக்குப் போகிறது. ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்கு எந்தச் சாதிகளிலிருந்து ஆள் வருகிறார்கள் என்பதை தில்லியிலும் மும்பையிலும் சென்னையிலும் தனித்தனியாக விளக்க வேண்டியதில்லை. மொழி மாறும், சாதியின் பெயர் மாறும், விஷயம் மாறாது. அப்பா செய்தார், அம்மா செய்தார், இப்போது மகள் செய்கிறாள். பிறப்பால் வந்துவிட்ட வேலை என்று நினைப்பதால்தான் அதைக் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணமே நிர்வாகத்துக்கு வருவதில்லை. "இவங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்வதில் மரியாதை போல ஒன்று தொனிக்கும். உண்மையில் அது அவமரியாதை. கற்க வேண்டியது, தேர்வு வைக்க வேண்டியது, தேறியவருக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டியது என்று ஒரு வேலையைச் சொல்லிவிட்டால், அந்த நிமிஷமே அது சாதியின் பிடியிலிருந்து ஓர் அங்குலம் நகர்ந்துவிடுகிறது. பிறந்தால் வருவது சாதி, பழகினால் வருவது தொழில்.

சட்டம் தயாராக இருக்கிறது. அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. ஆலைகளின் ஃபிட்டரையும் டர்னரையும் மனத்தில் வைத்து எழுதியது. 1973இல் பட்டதாரிகளுக்கும் இடம் கொடுத்தது. 2014 திருத்தத்தில், அரசுப் பட்டியலில் இல்லாத தொழிலுக்கும் நிறுவனங்களே பாடம் வகுத்து அப்ரண்டிஸ்களை எடுக்கலாம் என்றாயிற்று. 2019இல் திருத்திய விதிகள், 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்றன. படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய்வரை உதவித்தொகை நிர்ணயித்தன. அதை உயர்த்தும்படி மத்திய கவுன்சில் 2025இல் சிபாரிசு செய்தது. உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016இலேயே வந்துவிட்டது. கழிவு மேலாண்மைக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும் நடத்துகிறது. படிப்பு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், வார்டு ஒரு பக்கம் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போடவில்லை.

போட்டால் எப்படி இருக்கும்? ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் வார்டு. நான்கு நிறப் பைகள், ஊசி முறிக்கும் கருவி, ரத்தம் சிந்தினால் செய்ய வேண்டியது. ஆசிரியர், நான் மேலே சொன்ன ஆயா போன்ற ஒருவர், அதற்கான படியோடு. அடுத்த மூன்று மாதம் கட்டடத்தின் பின்பக்கம். ஆட்டோகிளேவ், சலவைக்கூடம், கழிவுநீர் நிலையம், ஏ.சி. எந்திரம், வாயுச் சிலிண்டர் அறை. மூன்றாவது கால்வருஷம் கணக்கு. மின்சாரம், தண்ணீர், பை, சிலிண்டர் என்று வந்ததையும் போனதையும் எழுதிப் பார்ப்பது, வித்தியாசம் எங்கே என்று தேடுவது. கடைசிக் கால்வருஷம் வெளியே. ஆஸ்பத்திரிப் பை போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரியிலேயே போய், மூட்டையைப் பிரிக்கும் இடத்தில் நின்று பார்ப்பது. தான் கட்டிய பையைத் தானே பிரித்துப் பார்த்தவர் அதற்கப்புறம் கவனக்குறைவாகக் கட்டமாட்டார்.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இது இன்னும் பொருந்தும். சத்தீஸ்கரில் மின்சாரம் ஒழுங்காக வராத நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்களின் கூரையில் சூரியப் பலகை வைத்தார்கள். பிரசவ அறையில் இரவில் விளக்கு எரிகிறது, தடுப்பூசிப் பெட்டி குளிர்ச்சியாக இருக்கிறது. பலகையில் படியும் தூசியைத் துடைக்கவும், பேட்டரியைக் கவனிக்கவும், கோளாறு என்றால் எந்த நம்பருக்குப் போன் செய்வது என்று தெரிந்திருக்கவும் உள்ளூரில் பழகிய ஓர் ஆள் இருக்கும்வரைதான் அது சூரிய மின்சாரம். அதற்கப்புறம் கூரைமேல் கண்ணாடி.

இதில் ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது. தொழிலாளர் சட்டங்களின் பெரும்பகுதி அவருக்குக் கிடையாது. இந்த ஓட்டை வழியாக எத்தனையோ ஆலைகள் நிரந்தர ஆட்களைக் குறைத்துவிட்டு வருஷா வருஷம் புது அப்ரண்டிஸ்களை வைத்தே உற்பத்தி நடத்துகின்றன. 'பசுமைப் பழகுநர்' என்று அழகான பெயர் சூட்டி, பச்சைச் சட்டையும் மாட்டிவிட்டு, மாதம் ஐயாயிரத்துக்குக் குப்பை அள்ளவைக்க ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே சில நிபந்தனைகள் வேண்டும். முதல் நாளே தடுப்பூசி தொடங்க வேண்டும், மூன்றாவது ஊசி முடியும்வரை வெள்ளை டப்பாவைத் தொடவிடக் கூடாது. கற்பிப்பவருக்குப் படி வேண்டும். இப்போதே அந்த வேலையில் இருப்பவர்களுக்கு, பழகிய காலத்தைக் கணக்கில் எடுத்து நேரடியாகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தர வேண்டும். தேறியவருக்கு ஒரு பதவி வேண்டும், அந்தப் பதவிக்கு மேலே இன்னொரு படி இருக்க வேண்டும். எந்தச் சாதிப் பிள்ளையும் விண்ணப்பம் போடும் வேலையாக அது ஆனதா என்பதுதான் திட்டம் வென்றதா என்று காட்டும் அளவுகோல்.

செலவு ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும். கலந்துபோன குப்பையை எரிக்கவும், கசிகிற வாயுவை நிரப்பவும், ஆள் இல்லாத அறையில் ஓடும் ஏ.சி.க்கும் இப்போது ஆகிற செலவை ஒரு வருஷம் எழுதிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். எழுதிப் பார்க்க ஆள் இல்லை என்றால், நான் சொல்லவந்ததும் அதுதான்.

மத்திய அரசு 2015இல் 'காயகல்ப்' என்ற திட்டம் தொடங்கி, சுத்தமான அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆண்டுதோறும் பரிசு தருகிறது. நல்ல காரியம். பரிசு வாங்க மேடை ஏறுபவர்கள் மாவட்ட அதிகாரியும் தலைமை டாக்டரும். இனி மேடையில் இன்னொரு நாற்காலி போடலாம். அதில் உட்காரத் தகுதியுள்ளவர் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஏற்கெனவே இருக்கிறார். காலை ஷிஃப்டில் தேடினால் கிடைப்பார். அவரிடம் பழக நான்கு இளைஞர்களை அனுப்புவதுதான் பாக்கி.